பேரூராட்சித் தலைவர் ஒருவரை பிளாக் செய்யலாமா?

என் அண்ணன் மகள் ஒரு சிறிய பேரூராட்சியின் தலைவர். சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அழைத்தவள், நலம் விசாரிப்பதற்கு முன்பே கேட்டாள்: "சித்தப்பா, ஒரு ஆளை பிளாக் செய்துவிடட்டுமா?"

யார் என்று கேட்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். முகநூலில் அவள் எதைப் போட்டாலும் கீழே வந்து ஒரே வரியை எழுதுகிறார்: "மூன்றாவது வார்டுக்குக் குடிநீர் எப்போது?" வாய்க்கால் தூர்வாரும் படத்துக்குக் கீழே எழுதினார், சரி. தேர்த் திருவிழாப் படத்துக்குக் கீழே எழுதினார், போகட்டும். அவளுடைய மகனின் பிறந்தநாள் கேக் படத்துக்குக் கீழேயும் அதையே எழுதியபோதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

நகராட்சி அலுவலகங்களில் முப்பது ஆண்டுகள் குப்பை கொட்டியவன் நான். வழக்கில் சொல்வதுபோலவும் எடுத்துக்கொள்ளலாம், நேர்ப்பொருளிலும் எடுத்துக்கொள்ளலாம். கடைசி நான்கைந்து ஆண்டுகள் அலுவலகத்தின் முகநூல் பக்கமும் என் தலையில் விழுந்தது. அந்த உரிமையில்தான் கேட்டாள். இரண்டு நாள் கழித்துச் சொல்கிறேன் என்றேன். அவளுக்காக அப்போது குறித்துவைத்ததை விரித்து எழுதியதுதான் இது. வார்டு உறுப்பினரோ, செயல் அலுவலரோ, ஆணையரோ, வட்டாட்சியரோ, பொறுப்பில் இருந்துகொண்டு சமூக ஊடகத்தில் பேசும் எவருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும்.

அவள் முன்னால் ஐந்து வழிகள் இருந்தன. இப்போதுபோலவே சொந்தக் கணக்கில் எல்லாவற்றையும் நடத்திக்கொண்டு, தொல்லை தருகிறவரைத் தடுத்துவிடுவது ஒன்று. கமெண்ட் பகுதியையே பூட்டிவிடுவது ஒன்று. எதையும் தொடாமல் திறந்துபோட்டுவிடுவது இன்னொன்று. சில சொற்கள் வந்தால் தானாக மறைக்கும் வடிகட்டியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது நான்காவது. அலுவலகத்துக்கென்று தனிப் பக்கம் திறந்து, எழுதிவைத்த விதிப்படி ஒவ்வொரு கருத்தாகப் பார்ப்பது ஐந்தாவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்தாவது வழிதான். அதற்கு ஆள்பலம் இல்லையென்றால் பூட்டிவிடலாம். ஆளைத் தடுப்பதும் சொல் வடிகட்டியும் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளம்.

சொந்தக் கணக்கிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அவளுடைய சிக்கலுக்கு வேர் அங்கேதான். கல்லூரியில் படிக்கும்போது தொடங்கிய கணக்கு அது. தேர்தலில் நின்றபோது அதிலேயே வாக்குக் கேட்டாள். வென்ற பிறகு அதிலேயே குடிநீர் விநியோக நேரத்தைப் போட்டாள். பெயருக்குக் கீழே "பேரூராட்சித் தலைவர்" என்று சேர்த்துக்கொண்டாள். கேக்கும் வாய்க்காலும் ஒரே சுவரில் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

இதே கதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹியூரன் நகரத்துக்கு 2014-ல் நகர மேலாளராக நியமிக்கப்பட்டவர் ஜேம்ஸ் ஃப்ரீட். கல்லூரிக் காலத்துத் தனிப்பட்ட முகநூல் கணக்கில் நண்பர்கள் எண்ணிக்கை 5,000 என்ற வரம்பை நெருங்கியதும் அதைப் பொதுப் பக்கமாக மாற்றியவர். மகளின் படம், நாயின் படம், பைபிள் வசனம், நடுவே நகரத்தில் உதிர்ந்த இலைகளை அள்ளும் ஏற்பாடு பற்றிய செய்தி, எல்லாம் அங்கேதான். பெருந்தொற்றுக் காலத்தில் கெவின் லிண்ட்கே என்ற நகரவாசி, நகர நிர்வாகம் தொற்றைக் கையாண்ட விதம் படுமோசம் என்று அந்தப் பக்கத்தில் எழுதினார். ஃப்ரீட் முதலில் அந்தக் கருத்துகளை நீக்கினார், பிறகு ஆளையே தடுத்தார். லிண்ட்கே வழக்குப் போட்டார்.

2024 மார்ச்சில் நீதிபதி ஏமி கோனி பேரட் எழுதிய தீர்ப்பில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்திருந்தார்கள். தீர்ப்பு இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது. அந்த விஷயத்தில் அரசின் சார்பாகப் பேசும் அதிகாரம் இந்த அலுவலருக்கு உண்மையிலேயே இருந்ததா? அந்தக் குறிப்பிட்ட பதிவில் அவர் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவதாகக் காட்டிக்கொண்டாரா? இரண்டுக்கும் ஆம் என்றால் அவர் செய்தது அரசின் செயல். இல்லையென்றால் தனிமனிதனின் செயல். பள்ளிக் குழுத் தலைவர் ஒருவர் குழுக் கூட்டத்தில் ஓர் அறிவிப்பைச் செய்வதும், நண்பர் வீட்டுத் தோட்டத்து விருந்தில் அதையே சொல்வதும் ஒன்றல்ல என்று பேரட் உதாரணம் காட்டுகிறார். "இது என் சொந்தக் கருத்து" என்ற ஒரு வரி பக்கத்தில் இருந்திருந்தால்கூடப் பெரும் வேறுபாடு வந்திருக்கும் என்கிறார்.

ஃப்ரீடுக்கு ஆறுதலாகத் தெரியும் இந்தத் தீர்ப்பில் ஒரு முள்ளும் இருக்கிறது. கருத்தை நீக்குவது ஒரு பதிவோடு முடிந்துவிடுகிறது. எந்தப் பதிவு, அது அலுவலகச் செய்தியா குடும்பப் படமா என்று பார்க்கலாம். முகநூலில் ஆளைத் தடுப்பதோ முழுப் பக்கத்துக்கும் பொருந்துகிறது. நூறு கேக் படங்களுக்கு நடுவே ஒரே ஒரு குடிநீர் அறிவிப்பு இருந்தாலும் அதிலிருந்தும் அவரை வெளியே தள்ளியாகிவிடும். ஆகவே சொந்த விஷயங்களைத் தெளிவாகத் தனிக் கணக்கில் வைத்துக்கொள்ளாத அலுவலர் தனக்குத்தானே கூடுதல் பொறுப்பை இழுத்துக்கொள்கிறார் என்று தீர்ப்பு எச்சரிக்கிறது. என் அண்ணன் மகளுக்கு இந்த இடத்தை இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

அவளுடைய ஆசிரியருக்கும் அமெரிக்காவில் ஒரு ஜோடி உண்டு. கலிபோர்னியாவில் பவே என்ற ஊரில் கார்னியர் தம்பதி, பள்ளிக் குழு உறுப்பினர் ஒருவரின் 42 பதிவுகளில் ஒரே கருத்தை ஒட்டினார்கள். சுமார் பத்து நிமிடத்துக்குள் 226 ட்வீட்களுக்கு ஒரே பதிலை எழுதினார்கள். நம் ஆசிரியர் பதிவுக்கு ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார். அவ்வளவில் அவர் சாதுதான். கார்னியர் தம்பதியைத் தடுத்ததும் வழக்காகி, லிண்ட்கே வழக்கோடு சேர்ந்தே உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது.

இதையெல்லாம் சொன்னபோது அவள் கேட்டாள்: "அது அமெரிக்கா, சித்தப்பா. நமக்கென்ன?" நியாயமான கேள்வி. முகநூல் பிறப்பதற்கு முன்பே நம் உச்ச நீதிமன்றம் இதற்கு நெருங்கிய ஒன்றைத் தீர்த்துவைத்திருக்கிறது. நுகர்வோர் உரிமைக்காக அகமதாபாத்தில் பணியாற்றிய மனுபாய் ஷா, எல்.ஐ.சி. தன் பாலிசிதாரர்களிடம் நடந்துகொள்ளும் விதம் நியாயமற்றது என்று ஓர் ஆய்வறிக்கை எழுதினார். எல்.ஐ.சி. தரப்பில் ஒருவர் அதை மறுத்து 'தி இந்து'வில் கட்டுரை எழுத, ஷாவின் பதிலும் அதே நாளிதழில் வந்தது. பிறகு எல்.ஐ.சி. தன் சொந்த இதழான 'யோகக்ஷேம'த்தில் மறுப்புக் கட்டுரையை மட்டும் வெளியிட்டது. ஷாவின் பதிலைப் போட மறுத்தது. எங்கள் நிறுவனத்தின் உள் இதழ், எதைப் போடுவது என்பது எங்கள் விருப்பம் என்றது.

1992-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எல்.ஐ.சி. என்பது அரசமைப்புச் சட்டம் சொல்லும் பொருளில் "அரசு". பொதுப் பணத்தில் நடக்கும் இதழில் ஒரு தரப்பை மட்டும் போட்டுவிட்டு மறுதரப்பை மறைப்பது நேர்மையல்ல என்றது. யார் எதை அனுப்பினாலும் போட்டாக வேண்டும் என்று அது சொல்லிவிடவில்லை. பேச்சைத் தொடங்கிவைத்த அரசு அமைப்பு, தனக்குப் பிடிக்காத பதிலை மட்டும் வெட்டக்கூடாது என்பதுதான் சாரம். இதழ் என்ற இடத்தில் பக்கம் என்று போட்டுப் பாருங்கள். பேரூராட்சியின் சாதனையைப் பதிவாகப் போட்டு, "அருமை, வாழ்த்துகள் தலைவர் அவர்களே" என்ற கருத்துகளை வைத்துக்கொண்டு, "தண்ணீர் எப்போது?" என்பதை மட்டும் அழித்தால், 'யோகக்ஷேம'த்துக்கும் அதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. உள்ளாட்சி அமைப்புகள் "அரசு" என்ற சொல்லுக்குள் அடங்கும் என்பதை அரசமைப்புச் சட்டத்தின் 12-வது பிரிவே வெளிப்படையாகச் சொல்கிறது.

நம் ஊர்ப் பழக்கமும் இதையேதான் சொல்கிறது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்கு வாராவாரம் ஒரே மனுவோடு வரும் பெரியவர்கள் இல்லாத மாவட்டம் உண்டா? பழைய மனுக்களையெல்லாம் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு வருகிறவர்களையும் பார்த்திருக்கிறோம். வரிசையில் நிற்க வைக்கிறோம், முணுமுணுக்கிறோம், "போன வாரம்தானே கொடுத்தீர்கள்" என்கிறோம். ஆனால் நுழைவாயிலில் நிறுத்தி, "உங்களுக்கு இனி ஆயுளுக்கும் இந்த வளாகத்தில் இடமில்லை" என்று எந்த ஆட்சியரும் சொன்னதில்லை. பிளாக் என்பது அதுதான். ஒரே விரல் அசைவில் முடிந்துவிடுவதால் அதன் கனம் நமக்குத் தெரிவதில்லை.

மழைக்காலத்தை வைத்துப் பார்த்தால் கனம் தெரியும். தனிப்பட்ட முகநூல் கணக்கில் தடுக்கப்பட்டவருக்கு அந்தக் கணக்கே கண்ணில் படாது. ஏரி நிரம்புகிறது, தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள் என்று இரவு பதினொன்றுக்கு அவள் போடும் அறிவிப்பு, அந்த ஆசிரியர் வீட்டுக்கு மட்டும் போகாது. எக்ஸ் தளம் 2024 நவம்பரில் விதியை மாற்றி, தடுக்கப்பட்டவரும் பொதுப் பதிவுகளைப் படிக்கலாம் என்று ஆக்கிவிட்டது. ஆனால் பதில் எழுத முடியாது. "என் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது" என்று எழுத முடியாதவருக்கு, படிக்க மட்டும் முடிவதால் என்ன பயன்?

மனம் புண்படுவதுதான் சிக்கலென்றால் அதற்குத் தடுப்பைவிட மென்மையான மருந்து இருக்கிறது. டொனால்ட் டிரம்ப் தன் ட்விட்டர் கணக்கில் விமர்சகர்களைத் தடுத்த வழக்கில், 2018-ல் நியூயார்க் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது அதைத்தான்: மியூட் செய்யுங்கள். எழுதுகிறவர் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம், உங்கள் காதில் மட்டும் விழாது. டிரம்ப் செய்தது அரசமைப்புக்கு முரண் என்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2019-ல் சொன்னது. அவர் பதவியை விட்டுப் போன பிறகு 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், வழக்கே பொருளற்றுப்போனதாகக் கூறி அந்தத் தீர்ப்பை விலக்கி வைத்தது. இது ஒரு கட்சிக்காரர்களின் நோய் என்று நினைத்துவிட வேண்டாம். எதிர்முகாமைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரைத் தடுத்து, வழக்கு வந்தபின் 2019-ல் மன்னிப்புக் கேட்டார். என் அண்ணன் மகளுக்குப் பிறந்தநாள் படத்தின் காயத்துக்கு மியூட் போதும். ஆனால் தலைவருக்கு அது பொருந்தாது. அந்தக் கேள்வி அவள் காதில் விழத்தான் வேண்டும்.

திறந்துபோட்டுவிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வாரம் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கடன் தருகிறோம் என்ற விளம்பரம், சாதி வசவு, பெண் பணியாளரின் படத்துக்குக் கீழே எழுதக்கூடாத வார்த்தைகள், கோபத்தில் யாரோ யாருடைய கைப்பேசி எண்ணையோ போட்டுவிடுவது, எல்லாம் பேரூராட்சியின் பெயருக்குக் கீழே நிற்கும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72-வது பிரிவின்படி குற்றம். அப்படி ஒரு பெயர் நம் பக்கத்தில் மூன்று நாள் கிடந்தால், நாங்கள் எழுதவில்லையே என்று சொல்லித் தப்பலாம். மனசாட்சிக்கு அந்தப் பதில் போதாது.

பூட்டுவதற்கு வருவோம். ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் ஒரு தீர்ப்புச் சொன்னது. செய்தி நிறுவனங்களின் முகநூல் பக்கங்களில் வாசகர்கள் எழுதிய அவதூறான கருத்துகளுக்கு அந்த நிறுவனங்களும் வெளியீட்டாளர்களே என்றது. அந்த மாதமே சி.என்.என். தன் முகநூல் பக்கத்தை ஆஸ்திரேலியாவில் பார்க்க முடியாதபடி செய்துவிட்டது. பொறுப்பு கூடினால் கதவைச் சாத்துவது மனித இயல்பு. சட்டத்தின் கண்ணிலும் பூட்டில் பெரிய வில்லங்கம் இல்லை: பலகையில் அறிவிப்பு ஒட்டுகிறோம், பலகையில் யாரும் எழுத முடியாது, அவ்வளவுதான். எல்லாருக்கும் ஒரே கதவு, ஒரே பூட்டு. ஆசிரியருக்கும் இல்லை, வாழ்த்துச் சொல்கிறவருக்கும் இல்லை. பாரபட்சம் என்ற குற்றச்சாட்டு எழ இடமே இல்லை.

நட்டம் வேறு இடத்தில் இருக்கிறது. எங்கே மின்கம்பம் சாய்ந்தது, எந்தத் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர் என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மக்கள் சமூக ஊடகத்தில்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அந்தக் காதுகளை நாமே அடைத்துக்கொள்கிறோம். இருந்தாலும், இரண்டு எழுத்தர்கள், ஒரு கணினி இயக்குபவர் என்று நடக்கும் சிறு பேரூராட்சியில், பூட்டிவிட்டு "புகார்களுக்கு இந்த எண்ணில் அழைக்கவும்" என்று எழுதுவதைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே நிபந்தனை: அந்த எண்ணை யாராவது எடுக்க வேண்டும்.

இனி சொல் வடிகட்டி. பார்க்க எல்லாவற்றிலும் சாதுவான வழி. ஆளைத் தடுப்பதில்லை, யார் மீதும் விரோதமில்லை, கெட்ட வார்த்தைகளைப் பட்டியலில் போட்டால் இயந்திரம் பார்த்துக்கொள்ளும். நானும் அப்படித்தான் நம்பினேன்.

நான் வேலை பார்த்த ஓர் ஊரில், சுகாதார ஆய்வாளர் ஒருவரை யாரோ பக்கத்தில் வந்து "நாயே" என்று திட்டிவிட்டார். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. நான் உட்கார்ந்து வசைச் சொற்களைப் பட்டியல் போட்டேன்: நாய், நாயே, பன்றி, மாடு, சாக்கடை, இன்னும் சில. ஒரு நகராட்சிக்கு வரும் புகார்களில் பாதி இந்தச் சொற்களில்தான் வரும் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. தமிழில் திட்டுவதற்கு எந்தச் சொற்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோமோ, அவற்றில் பல சுகாதாரப் பிரிவின் அன்றாடச் சொற்கள். மூன்று வாரம் பக்கம் அமைதியாக இருந்தது. அலுவலகத்தில் என்னைப் பாராட்டினார்கள். பிறகு ஒரு பெண்மணி, கணுக்காலில் கட்டுப்போட்ட சிறுவனோடு படியேறி வந்தார். "எங்கள் தெருவில் நாய் சேர்ந்துவிட்டது என்று நான்கு முறை எழுதினேன். ஒரு பதில்கூட இல்லை. இப்போது கடித்துவிட்டது" என்றார். நான்கும் வடிகட்டியில் கிடந்தன. அவர் எழுதியது அவருக்குத் தெரிந்தது. எங்களுக்கும் ஊருக்கும்தான் தெரியவில்லை.

நான் செய்த அதே பிழையை அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான தேசிய சுகாதார நிறுவனங்களும் செய்தன. விலங்குகள் மீதான பரிசோதனையை எதிர்க்கும் பீட்டா அமைப்பினர் பக்கத்தில் வந்து எழுதிக்கொண்டே இருந்ததால், தலைப்புக்குத் தொடர்பற்ற கருத்துகளை விலக்குகிறோம் என்ற பெயரில் "விலங்கு", "பரிசோதனை", "கொடூரம்" என்ற பொருள் தரும் சொற்களை அந்த நிறுவனங்கள் வடிகட்டியில் போட்டன. 2024 ஜூலையில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. விலங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளைப் பற்றியே பதிவுகள் போடும் நிறுவனம், விலங்கு என்ற சொல்லைத் தொடர்பற்றது என்று எப்படிச் சொல்ல முடியும்? இயந்திரம் சூழலைப் பார்ப்பதில்லை, விதிவிலக்குத் தெரியாது என்பதும் அதன் குறையாகக் காட்டப்பட்டது.

ஆளைத் தடுப்பதைவிட வடிகட்டி மோசம் என்று நான் சொல்வதற்குக் காரணம் வேறு. தடுக்கப்பட்டவருக்குத் தான் தடுக்கப்பட்டது தெரியும். ஆத்திரப்படுவார், நண்பர்களிடம் சொல்வார், வழக்குப் போடுவார். வடிகட்டியில் மாட்டியவருக்கு ஒன்றுமே தெரியாது. முகநூலில் மறைக்கப்பட்ட கருத்து, எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் தெரிந்துகொண்டே இருக்கும். அரசு தன்னைக் கேட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவர் காத்திருப்பார். மனுவை வாங்கி, முத்திரை குத்துவதுபோல நடித்து, அவர் திரும்பியதும் கூடைக்குள் போடுவது இது. ஒப்பிட்டுப் பார்த்தால் எக்ஸ் தளத்தின் "பதிலை மறை" வசதி இன்னும் நேர்மையானது. ஏதோ மறைக்கப்பட்டிருக்கிறது என்ற குறி எல்லாருக்கும் தெரியும், வேண்டுமென்றால் தட்டிப் படிக்கவும் செய்யலாம்.

ஆக, மிஞ்சுவது விதி எழுதிவைத்துக் கையால் பார்ப்பது. இதுவும் குறையற்றதல்ல. முதல் குறை, நாமே எழுதிக்கொண்ட விதி சட்டமாகிவிடாது. 1986-ல் கேரளத்தில் தேசிய கீதம் பாடாததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட மூன்று பிள்ளைகளின் வழக்கில், துறைச் சுற்றறிக்கைக்குச் சட்டத்தின் வலு இல்லை, அதை வைத்துப் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே மன்றத்தில் தீர்மானம் போட்டு, "தலைவரை அவமதிக்கும் கருத்துகள் நீக்கப்படும்" என்று எழுதினால் அது காகிதப் புலி. ஏற்கெனவே சட்டம் தடுத்திருப்பதைத்தான் நம் விதியும் சுட்ட வேண்டும்: வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும் சாதி இழிவு, மிரட்டல், ஆபாசம், பாதிக்கப்பட்டவர்களின் அடையாளம். இவற்றோடு பிறருடைய கைப்பேசி எண், ஆதார் எண், வணிக விளம்பரம். அவ்வளவு போதும். கிண்டல் இருக்கட்டும். "திறமையற்ற நிர்வாகம்" இருக்கட்டும். தலைப்புக்குத் தொடர்பற்றது என்ற காரணத்தை நான் விதியிலேயே சேர்க்கவிடவில்லை, ஏனென்றால் பிடிக்காத எல்லாமும் தொடர்பற்றதாகத் தெரியத் தொடங்கிவிடும். திருவிழாப் படத்துக்குக் கீழே தண்ணீர் கேட்பது தொடர்பற்றதா? திருவிழாவுக்கு வந்த கூட்டத்துக்கும் தண்ணீர் வேண்டும்தானே.

ஒரே வரியை ஒரே பதிவில் இருபது முறை ஒட்டினால்? ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை மறைக்கலாம். பதிவுக்கு ஒன்று என்றால் தொடக்கூடாது.

இரண்டாவது குறை உழைப்பு. நீக்குவதற்கு முன் திரைப்பிரதி எடுக்க வேண்டும். மிரட்டல் என்றால் காவல் நிலையத்துக்கும், மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழோடு நீதிமன்றத்துக்கும் அது தேவைப்படும். தேதி, காரணம், யார் நீக்கியது என்று ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதியவருக்கு ஒரு வரியாவது தெரிவிக்க வேண்டும். அவர் மறுத்தால் தலைவர் அல்லாத ஒருவர், செயல் அலுவலர் என்று வைத்துக்கொள்வோம், திரும்பப் பார்க்க வேண்டும். என் அண்ணன் மகள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டாள். "ஒரு கமெண்டுக்கு ஒரு கோப்பா, சித்தப்பா?" ஆமாம் என்றேன். பத்து ரூபாய்க் கட்டணத்தோடு யாராவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் என் கருத்து ஏன் நீக்கப்பட்டது என்று கேட்டால், முப்பது நாளுக்குள் அலுவலகம் பதில் சொல்ல வேண்டும். அப்போது பதிவேடு இருந்தால் அரை மணி நேர வேலை. இல்லாவிட்டால் எல்லார் முகத்தையும் எல்லாரும் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். தவிர, விதி சுருக்கமாக இருந்தால் நீக்கவேண்டியதும் குறைவாகவே இருக்கும். என் அனுபவத்தில், வடிகட்டியை எடுத்த பிறகு மாதத்துக்கு ஐந்தாறு கருத்துகளுக்கு மேல் கைவைக்க நேர்ந்ததில்லை.

பக்கம் யாருடையது என்பதையும் முதல்நாளே முடிவு செய்துவிட வேண்டும். அமெரிக்க அதிபருக்கான ட்விட்டர் கணக்கு 2017-ல் பின்தொடர்பவர்களோடு கைமாறியது. 2021-ல் அவர்கள் கைமாறவில்லை. வெள்ளை மாளிகைக்கே இந்தத் தகராறு என்றால், பதவிக்காலம் முடிந்ததும் பின்தொடர்பவர்களைத் தலைவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார் என்ற பேச்சு நமக்கு வேண்டாம். பக்கம் பேரூராட்சியின் பெயரில், கடவுச்சொல் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில், சாவிக் கொத்துக்கு அடுத்த வரியில்.

இரண்டு நாள் கழித்து இதையெல்லாம் சொன்னேன். சொந்தக் கணக்கின் முகப்பிலிருந்து பதவிப் பெயரை எடுத்தாள். அதில் பழைய குடிநீர் அறிவிப்புகளுக்குக் கீழே புதிய பக்கத்தின் முகவரியைப் போட்டாள். இனி அங்கே கேக் மட்டும், நண்பர்களுக்கு மட்டும். அலுவலகப் பக்கம் அடுத்த மன்றக் கூட்டத்துக்குப் பிறகு திறந்தது. முதல் பதிவு, பேருந்து நிலையச் சாலையில் குழாய் பதிக்கும் வேலை நடப்பதால் மூன்று நாள் மாற்றுப் பாதை என்ற அறிவிப்பு. பத்து நிமிடத்தில் முதல் கருத்து வந்துவிட்டது. யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

கணினி இயக்குபவர் அவளிடம் கேட்டுக்கொண்டு பதில் எழுதினார்: மேல்நிலைத் தொட்டியின் மோட்டார் பழுது, மாற்று மோட்டாருக்கு ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டிருக்கிறது, உங்கள் புகார் பதிவேட்டில் ஏறியிருக்கிறது, எண் இது.

மறுநாள் காலை ஆசிரியர் எழுதினார்: "எண் கிடைத்தது. நன்றி. மூன்றாவது வார்டுக்குக் குடிநீர் எப்போது?"